வாயில்லாப் பூச்சியும் அடுத்த வாக்கியமும்

யாராவது யாரையாவது காட்டி "அவரு வாயில்லாப் பூச்சிங்க" என்று சொன்னால் நான் அதோடு விட்டுவிட மாட்டேன். அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பேன். ஏனென்றால் அந்தச் சொல் ஒருநாளும் தனியாக வருவதில்லை. "வாயில்லாப் பூச்சிங்க, ஞாயித்துக்கெழமை அவரையே வரச் சொல்லிருங்க." "வாயில்லாப் பூச்சிங்க, ஃபேனுக்குக் கீழ இருக்கற மேசைய அவருகிட்டக் கேட்டு வாங்கிக்கலாம்." "பொண்ணு வாயில்லாப் பூச்சிங்க, உங்கம்மாளுக்குத் தோதா இருக்கும்." அகராதியில் தேடினால் சாது, கூச்ச சுபாவி, எதிர்த்துப் பேசத் தெரியாதவர் என்று பொருள் போட்டிருப்பார்கள். பொருள் சரிதான். ஆனால் அந்தச் சொல்லை மக்கள் எதற்காக எடுக்கிறார்கள் என்பது அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். யாரும் தன்னைத்தானே வாயில்லாப் பூச்சி என்று சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொண்டால் "வாயைப் பாரு" என்பார்கள். அந்தப் பட்டத்தை அடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, அதற்கும் வாய் வேண்டுமே.

அந்தப் பட்டத்தை முழுசாக வாங்கி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஊத்துக்குளி ரோட்டில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங்கில் இருந்தார். கீழ்த்தளத்தில் துணி வெட்டுவார்கள், முதல் மாடியில் தைப்பார்கள், இரண்டாவது மாடியில் தைத்து வந்ததைச் செக்கிங் செய்து மடித்துப் பெட்டியில் போடுவார்கள். ஆறடி உயரம் அவர். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைத்தால் பாதிப் பேர் புகார் கொடுக்காமலே திரும்பிப் போகும்படியான மீசை. அந்த மீசைக்குப் பின்னால் குரல் என்று ஒன்று இருந்ததற்கு வெகுநாள் வரை எனக்குச் சாட்சியே கிடைக்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவார், சிரிப்பார், தரையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பூச்சியண்ணன்தான்.

நான் நேர் எதிர். கணியூரில் எங்கள் தெருவில் வாய் நீளம் என்றால் என்னைத்தான் காட்டுவார்கள். "இவ வாயாலயே பொழச்சுக்குவா" என்று எங்கம்மா சொன்னது பலித்து, எனக்கு அந்தக் கம்பெனியில் எச்.ஆர். வேலை கிடைத்தது. லீவு கொடுப்பது, சண்டை தீர்ப்பது, நோட்டீஸ் ஒட்டுவது, எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்தால் கம்பெனி சொர்க்கம் மாதிரி நடக்கிறது என்று நம்பவைப்பது, எல்லாம் என் வேலை. கடைசி வேலைதான் முக்கியமான வேலை. ஆடிட் தேறாவிட்டால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் முதலில் வெளியே போவது எச்.ஆர்.தான் என்று மேனேஜர் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

பூச்சியண்ணனைப் பற்றி முதலில் நான் கேட்ட கதை பஸ் கதை. டவுன் பஸ்ஸில் "எறக்கம்" என்று குரல் கொடுக்க அவருக்குக் கூச்சம். அதனால் யாராவது இறங்குகிற ஸ்டாப்பிங் வரை போய், அவர்களோடு இறங்கி, திரும்பி நடந்து வருவாராம். கல்யாணமான புதிதில் தினமும் ஒன்றரை கிலோமீட்டர் இப்படி நடந்திருக்கிறார். பிறகு வாடகைக்கு வேறு வீடு பார்த்தபோது தண்ணீர் வருகிறதா, காற்று வருகிறதா என்று எதையும் கேட்கவில்லை. அந்த ஸ்டாப்பிங்கில் இருபது பேர் இறங்குகிறார்களா என்று மட்டும் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினாராம். இதைச் சொன்னது அவர் மனைவிதான்.

அவர் மனைவியோடு எனக்கு நல்ல பழக்கம் ஆகிவிட்டது. ஏனென்றால் அவருக்கு லீவு கேட்பது அந்த அம்மாள்தான். ஒருநாள் காலையில் போன்.

"ஏனுங் மேடம், அவருக்குக் காச்சலுங்க. நெருப்பாக் கொதிக்குது. லீவு சொல்லுங்கன்னேன். சரின்னு தலைய ஆட்டுனாரு. திரும்பிப் பாக்கறேன், டிப்பனத் தூக்கிட்டு வேலைக்குக் கெளம்பீட்டாருங்க."

"ஏனுங்க?"

"லீவு கேக்கறதுக்கு வேலைக்கே வந்தர்லாம்னு தோணியிருக்குமுங்க. வேற என்ன? பொண்ணு பாக்க வந்தப்ப தரகரு வாயில்லாப் பூச்சின்னாருங்க மேடம். எங்கப்பன் அதைக் கேட்டுப் பூரிச்சுப் போயிருச்சு. குடிச்சுப்போட்டு வந்து சத்தம் போடமாட்டாரு பாருங்க, அந்தச் சந்தோசம். சத்தமே வராதுன்னு யாரு கண்டா?"

மேலே போய்ப் பார்த்தால் மனிதர் நூற்று இரண்டு டிகிரியில் டீ-சர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்தான் ஆட்டோ வைத்து அனுப்பினேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

வாயில்லாதவர் என்று தெரிந்ததும் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மேல் ஒரு பிரியம் வந்திருந்தது. வேறெங்கும் சொல்ல முடியாததை அவரிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பேக்கிங் பெண்கள் காதல் விவகாரங்களைச் சொல்வார்கள். சூப்பர்வைசர் மேனேஜரைத் திட்டுவார். மேனேஜர் முதலாளியைத் திட்டுவார். முதலாளியே ஒருநாள் மேலே வந்து, ஒரு டஜன் பனியனைப் புரட்டிப் பார்க்கிற சாக்கில், தன் மகன் தன்னை மதிப்பதில்லை என்று கால் மணி நேரம் புலம்பிவிட்டுப் போனார். ஒருதடவை கேண்டீனில் இரண்டு பேர் அடித்துக்கொண்டபோது இரண்டு பேருமே "பூச்சியண்ணன் பாத்தாருங்க, அவரையக் கேளுங்க" என்று அவரைத்தான் சாட்சிக்குக் காட்டினார்கள். அவர் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, ஒரு மனிதருக்குள் இவ்வளவையும் கொட்டினால் அது எங்கே போகும் என்று தோன்றவில்லை.

அது எங்கே போனது என்று பிறகு தெரிந்தது. செக்கிங்கில் இருப்பவர்களுக்கு ஒரு சுருள் ஸ்டிக்கர் கொடுப்பார்கள். சிவப்பு நிறம், அம்பு வடிவத்திலேயே வெட்டியிருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஆரோ என்பார்கள். பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் பக்கத்தில் ஒரு ஆரோவை ஒட்ட வேண்டும். அம்பு காட்டுகிற இடத்தில் குறை இருக்கிறது என்று அர்த்தம், யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. கூச்சப்படுகிற மனிதருக்கென்றே கண்டுபிடித்த வேலை மாதிரி இருக்கும். பத்து விரலையும் விட்டுப் பனியனைப் புரட்டி, நான்கு தடவை திருப்பி, வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவர் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆனால் அவருடைய ஆரோ பனியனோடு நிற்கவில்லை. கேண்டீனில் விளிம்பு உடைந்த டீ கிளாஸில் ஒருநாள் ஒரு ஆரோ இருந்தது. ஒழுகுகிற குழாயில் ஒன்று இருந்தது. குழாயைச் சரி செய்கிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. நான் நோட்டீஸ் போர்டில் தீபாவளி லீவைப் பற்றி ஒட்டிய தாளில், கிழமைக்கும் தேதிக்கும் பொருந்தாத இடத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் அசடு வழிய வேறு தாள் அடித்து ஒட்டினேன். யார் என்று விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேலே போனேன். அவர் என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்துவிட்டார், மீசை மட்டும் லேசாகத் துடித்தது. எனக்கு அன்றிலிருந்து அவரைப் பிடித்துப்போனது. இதை அப்போது நான் அவரிடம் சொல்லவில்லை.

இனி கதவு. இரண்டாவது மாடியில் பின்பக்கம் ஒரு இரும்புப் படிக்கட்டு உண்டு, ஆபத்துக் காலத்தில் இறங்குவதற்கு. அதற்கு ஒரு கதவு. வேலை நேரத்தில் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நான்தான் தாள் அடித்து அதன் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். எப்போதோ அந்த வழியாக ஐந்து டஜன் பனியன் இறங்கிப் போய்விட்டதால், மேனேஜர் அதில் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒருதடவை நான் கேட்டேன்.

"அம்மிணி, தொறந்து உட்டா பீஸு காலு மொளைச்சு நடந்து போயிருது. சாவி எங்கயும் போயிரல, என்ற பையிலதான இருக்குது?"

"நீங்க மத்தியானம் சாப்பிட ஊட்டுக்குப் போயிர்றீங்களே சார்."

"அரை மணி நேரந்தான. அதுக்குள்ள என்ன ஆயிரும்?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் இல்லையா, அந்த நீளம் அன்றைக்கு அங்கே முடிந்துபோனது.

அந்த அரை மணி நேரத்தில்தான் ஒருநாள் அயர்ன் மேசைக்குப் பக்கத்து சுவிட்ச் போர்டு படபடவென்று பொரிந்து புகை விட்டது. நாற்பது பெண்கள். புகையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பின்கதவைப் பார்த்து ஓடினார்கள். கதவை ஒட்டி மேசை போட்டிருந்தவர் பூச்சியண்ணன். பூட்டு தொங்குவது அவருக்கு நன்றாகத் தெரியும், தினமும் எட்டு மணி நேரம் அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து கதவுக்கு முதுகைக் கொடுத்துக் கையை அகலமாக விரித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அவர் எதற்காக நிற்கிறார் என்று தெரியவில்லை. முட்டி மோதியதில் முன்னால் இருந்த பெண் கீழே விழுந்தாள், அவள் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். எலக்ட்ரீசியன் மெயினை அணைத்துவிட்டதால் புகை அதோடு நின்றது. விழுந்தவளுக்குக் கை முறிந்திருந்தது.

அவள் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எங்கள் கம்பெனியிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான், எனக்கு இரண்டாவது இடம். மாவுக்கட்டோடு இருந்தவளை ஆஸ்பத்திரியில் பார்க்க நானும் பூச்சியண்ணனும் போயிருந்தோம். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் அண்ணாச்சி, மலை மாதிரி நின்னியளே, ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் திரும்பியிருப்பேன்லா?"

கேலியாகத்தான் சொன்னாள், வருத்தமாகச் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பையைக் கட்டில் மேல் வைத்தார். தரையைப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. நான் பார்க்காதது போல் நடந்தேன்.

மறுநாள் காலையில் அந்தக் கதவில், பூட்டுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு ஆரோ இருந்தது.

நான் நகத்தால் சுரண்டி அதை எடுத்துவிட்டேன். மேனேஜர் பார்த்தால் பூச்சியண்ணனுக்கு வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு என் வேலை ஞாபகம்தான் வந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. அதையும் எடுத்தேன். நாலாவது நாள் அவர் மேசைக்குப் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, ஸ்டிக்கரெல்லாம் கம்பெனிப் பொருளுங்க. பனியனுக்கு மட்டும் ஒட்டுங்க."

தரையைப் பார்த்து, நன்றாகத் தலையை ஆட்டினார். மறுநாள் அதே இடத்துக்குப் பக்கத்தில் புது ஆரோ. இப்படிப் பதினான்கு நாள் அவர் ஒட்டினார், பதினான்கு நாள் நான் எடுத்தேன். அதற்கு மேல் எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச்சு இல்லை. பூட்டும் அங்கேயே தொங்கியது.

பதினைந்தாவது நாள் ஆடிட். முந்தின வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, எந்த ஆளுககிட்டப் பேசறதுன்னு ஆடிட்டரம்மாவே பொறுக்கிக்குவாங்க. அதுல நாம ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கு மேல யாரு உக்காந்திருக்கறதுங்கறது நம்ம கைலதான இருக்குது?"

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டியல் நான்தான் போட்டேன். வாய் பேசுகிறவர்களை எல்லாம் அன்றைக்கு வேறு யூனிட்டுக்கு அனுப்பினேன். கை முறிந்த பெண் மாவுக்கட்டோடேயே வேலைக்கு வரத் துடித்துக்கொண்டிருந்தாள், அவளை இன்னும் ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னேன். மூன்று தளத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, கேட்டால் தரையைப் பார்க்கிறவர்களாகப் பொறுக்கி, இருபத்தாறு பேரை இரண்டாவது மாடியில் உட்காரவைத்தேன். தலைமை தாங்க இருக்கவே இருந்தார் பூச்சியண்ணன். ஒத்திகை பார்த்தேன். "பின்கதவு எப்பவும் திறந்திருக்குமான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" இருபத்தாறு பேரும் தரையைப் பார்த்தார்கள். மேனேஜர் என் தோளில் தட்டாத குறையாக மகிழ்ந்துபோனார். போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டினோம். பூட்டைக் கழற்றினோம், கதவுக்கு எண்ணெய் விட்டோம். பூச்சியண்ணன் சட்டைப்பையில் இருந்த ஆரோ சுருளை யாரும் வாங்கவில்லை. அதை வாங்கியிருந்தாலும் பயனில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆடிட்டர் ஐம்பது வயதுக்காரர், வெளியூர், மெதுவாகப் பேசுகிற பெண்மணி. மேலே வந்து சுற்றிப் பார்த்தார். ஃபேன் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"நான் நிறையக் கம்பெனிக்குப் போயிருக்கேன். இவ்வளவு அமைதியான செக்கிங்கைப் பார்த்ததே இல்லை. இங்க யாருமே பேச மாட்டாங்களா?"

"நல்ல ஒழுக்கமுங்க மேடம்," என்றார் மேனேஜர்.

ஐந்து பேரைத் தனி அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். பூச்சியண்ணனும் அதில் ஒருவர். நாங்கள் உள்ளே போகக்கூடாது. ஒவ்வொருவரும் மூன்று நிமிடத்தில் வெளியே வந்தார்கள். பூச்சியண்ணன் இரண்டே நிமிடத்தில் வந்து தன் மேசையில் உட்கார்ந்து பனியனைப் புரட்டினார். எனக்கு மூச்சு வந்தது. நான் பொறுக்கிய ஆட்கள் என்னைக் கைவிடவில்லை.

கடைசியாக ஆடிட்டர் பின்கதவுக்கு வந்தார். கதவு விரியத் திறந்திருந்தது, காற்று நன்றாக வந்தது. ஃபோட்டோ எடுத்தார். பிறகு கதவைப் பாதி மூடி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

ஸ்டிக்கரைத்தான் நான் எடுத்திருந்தேன். பசையை எடுக்கவில்லை. பனியன் கம்பெனியில் பசை என்று ஒன்று இருந்தால் அதில் பஞ்சு ஒட்டாமல் இருக்காது. வெள்ளைக் கதவில், பறக்கிற பஞ்சும் தூசியும் படிந்து, சாம்பல் நிறத்தில் பதினான்கு அம்புகள் அச்சடித்தது போல இருந்தன. பதினான்கும் கொண்டியைக் காட்டின. கொண்டியில் பூட்டு தொங்கிய இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. நான் தினமும் அந்த இடத்தைத்தான் சுரண்டியிருக்கிறேன், ஒருநாளும் எட்டி நின்று பார்க்கவில்லை.

"இது என்ன?" என்றார் ஆடிட்டர்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "அது ஒரு தெக்கத்திப் பொண்ணுங்க மேடம். வெளையாட்டுப் புத்தி. கண்ட எடத்துலயும் ஸ்டிக்கர ஒட்டிப்போடும். இப்ப லீவுல இருக்குது. அதைய வேலைய உட்டு நிறுத்தீர்லாம்னு இருக்கறமுங்க."

அந்தப் பெண் தன் அறையில் கட்டுப் போட்ட கையின் விரல்களை மடக்கி நீட்டிப் பழகிக்கொண்டிருப்பாள். அவள் ஒட்டவில்லை என்று எனக்குத் தெரியும். வேலை போனால் அவள் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும் என்றும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பூச்சியண்ணன் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். புகை வந்த அன்றைக்கு நின்றாரே, அதே நிற்பு, அதே திறந்த வாய். இந்தத் தடவையும் வராது என்றுதான் நினைத்தேன்.

"நானுங்க."

அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. மீசைக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய குரல். இருபத்தைந்து பேரும் தரையிலிருந்து தலையை எடுத்தார்கள்.

"ஒட்டுனது நானுங்க. அந்தப் புள்ள இல்லீங்க. கதவு பூட்டித்தானுங்க இருக்கும். இன்னிக்குத்தான் தொறந்திருக்குது. அந்தப் புள்ள கை இதுலதானுங்க போச்சு. நான் கத்தியிருக்கோணுமுங்க. கத்தலீங்க."

உட்கார்ந்தார். அடுத்த பனியனை எடுத்துப் புரட்டினார். ஒரே பனியனைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆடிட்டர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இவர் சொல்றது உண்மையாம்மா?"

ஆமாம் என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. கணியூரிலிருந்து அவ்வளவு நீளமான வாயைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். நான் தரையைப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் வெட்டுப்பட்ட நூல் துண்டுகள் கிடந்தன, அவற்றை எண்ணுவது போல் நின்றேன். ஆடிட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுதத் தொடங்கினார். அந்தக் காத்திருப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேனேஜர் பயந்தபடி ஆர்டர் ஒன்றும் போய்விடவில்லை. கதவைச் சரி செய்ய அவகாசம் கொடுத்தார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற புதுக்கதவு வந்தது, பூட்டுப் போட அதில் இடமே இல்லை. அதற்குப் பிறகு ஒரு பனியன்கூட அந்த வழியாக நடந்து போகவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்ததால், பூச்சியண்ணனுக்கு மட்டும் தண்டனை கொடுக்க மேனேஜருக்கு நேரம் கிடைத்தது.

"இவனையப் போயி வாயில்லாப் பூச்சின்னு சொன்னாங்களே," என்று அவர் மாய்ந்துபோனார். வேலையை விட்டு நிறுத்த முடியாது, ஆடிட்டர் மறுபடி வந்து கேட்பார். சேவூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருந்தது, தோட்டங்களுக்கு நடுவில். அந்த ஸ்டாப்பிங்கில் யாரும் இறங்குவதில்லை, கண்டக்டரே அதை மறந்திருப்பார். அங்கே மாற்றினால் அவரே வேலையை விட்டு நின்றுகொள்வார் என்பது மேனேஜரின் கணக்கு. யாரோ மேனேஜரிடம் பஸ் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான், எப்போதோ சிரிப்பதற்காகச் சொன்னது. மாற்றல் கடிதத்தையும் நானே டைப் செய்தேன். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், தலையை ஆட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தெற்கத்திப் பெண் வேலைக்குத் திரும்பி வந்து காலி மேசையைப் பார்த்தாள். நடந்ததைப் பேக்கிங் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வந்தாள். "ஒரு சத்தம் குடுக்கலாம்லான்னுதான சொன்னேன். அதுக்கு இப்படியா, மேடம்?" என்று கேட்டாள். சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் அழுதுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. பி.எஃப். விஷயமாக ஏதோ சந்தேகம். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அண்ணன் எப்படி வேலைக்குப் போய்வருகிறார் என்று.

"மொத நாள் அஞ்சு ஸ்டாப்பிங் தாண்டிப்போட்டு நடந்து வந்தாருங்க மேடம். ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூணாம் நாள் எறக்கம்னு கத்தீட்டாராமா. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சாமா. இப்ப அந்த எடம் வந்தாக் கண்டக்டரு இவரைத்தான் பாக்கறாராம். ஊட்லயும் வாய் வந்துருச்சுங்க. நேத்து கொழம்புல உப்புப் பத்தலைங்கறாரு. பதினெட்டு வருசமாப் பத்தலையாமுங்க!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். போனை வைத்த பிறகு, மாடிக்குப் போனால் அந்தக் கதவைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது ஞாபகம் வந்து, அன்றைக்கு மேலே போகவே இல்லை. அப்படியே நாட்களைத் தள்ளினேன். ஆறு மாதத்தில் அவிநாசி ரோட்டில் வேறொரு பெரிய கம்பெனியில் வேலை தேடிக்கொண்டேன்.

அங்கே என்னை இன்டர்வியூ செய்தவர் என் பேப்பரைப் புரட்டிவிட்டு, என் எதிரிலேயே எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டார். மேசை மேல் வைத்து ஸ்பீக்கரையும் அழுத்தினார். எங்கள் மேனேஜரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அந்தப் புள்ளைங்களா? தாராளமா எடுத்துக்கலாமுங்க. வாயில்லாப் பூச்சிங்க."

பழக்க தோஷம், அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

"உங்க கம்பெனில என்ன நடந்தாலும் வெளிய போவாதுங்க."

எதிரே இருந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எப்போது வேலைக்கு வருகிறீர்கள், திங்கட்கிழமையே வர முடியுமா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன்.